சுக்கு தேடி வந்த கட்டில்

மக்கா,

நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். மலையாளப் பள்ளிக்கூடத்தில் போட்டு வளர்த்தது நாங்கள்தானே, உன்னைக் குறை சொல்ல முடியாது. மெதுவாகவே படி. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, அதற்குள் முடித்துவிடுவாய். வாயால் சொல்லலாம் என்று இரண்டு தரம் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். ஒரு தரம் உனக்குத் துறைமுகத்திலிருந்து போன் வந்தது. இன்னொரு தரம் உன் அப்பா பந்தல்காரனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதனால்தான் பேனாவை எடுத்தேன். ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷம் சார்ட் எழுதிய கை இது. நாலு வரிக்கு மேல் போனால் தடுமாறும், பொறுத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்மிதாவையும் அவள் மகள் மாளுவையும் சங்குமுகம் கடற்கரைக்குக் கூட்டிப்போய்விட்டு வந்தாயே, அன்றைக்கு உன் முகம் எனக்குச் சரியாகப் படவில்லை. செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாய். ஐஸ்கிரீம் வண்டிக்காரர் மாளுவிடம், "அச்சன் வாங்கித் தந்நதாணோ மோளே?" என்று கேட்டாராம். அவள் ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டே, "அச்சனல்ல" என்றாளாம். கோபமாகச் சொல்லவில்லை, மழை பெய்யவில்லை என்பது போலச் சொன்னாள் என்றாய். "அவ சொன்னது சரிதானேம்மா, நான் அவ அப்பா இல்லையே" என்று நீயே சிரித்தாய். ஆனால் இரண்டாவது தோசையைப் பாதியில் நிறுத்திவிட்டு, "எப்பவும் இப்படித்தான் சொல்லுவாளோ?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் இன்னொரு தோசையை உன் தட்டில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். அது ஒரு நாயிலிருந்து தொடங்குகிறது, சிரிக்காதே.

நான் பட்டாளத்தில் நர்ஸாக இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். சுவரில் இருக்கிற போட்டோவைக் காட்டி உன் நண்பர்களிடம் பெருமையடித்துக்கொள்வாய். அந்த வருஷம் வடக்கே மலையில் சண்டை மூண்டது. நீ அப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகிக்கொண்டிருந்தாய். உன்னை ஆரியசாலை வீட்டில் அப்பாவிடமும் பெரியம்மாவிடமும் விட்டுவிட்டுத் தம்பானூரில் ரயிலேறினேன். நீ கையாட்டிச் சிரித்தாய், நான் எங்கே போகிறேன் என்று உனக்கு என்ன தெரியும். அங்கே போனால், ஆப்ரிகாட் மரங்களுக்கு நடுவில் கூடாரங்களும் தகரக் கொட்டகைகளுமாக எங்கள் ஆஸ்பத்திரி. மேலே மலைகளில் பீரங்கி வெடிக்கும், கீழே எங்கள் மேஜைமேல் மருந்துக் குப்பிகள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுக்கும். ஹெலிகாப்டர் இறங்கினால் நாங்கள் ஸ்ட்ரெச்சரோடு ஓட வேண்டும். ஏறக்குறைய எல்லோரும் உன் இப்போதைய வயசுக்குக் குறைந்த பிள்ளைகள்.

அப்படி ஒரு நாள் இறங்கினவன் சுயம்பு. முகமெல்லாம் கிழிந்து, தாடை உடைந்து, கண் இரண்டும் வீங்கி மூடி, கை இரண்டும் வெந்து, கால்விரல்கள் பனியில் கறுத்துப்போய் வந்தான். போட்டிருந்த குளிர்கோட்டில் பெயர் தைத்திருந்தது. உள்பையில் அவனுடைய அடையாளப் புத்தகம் இருந்தது. கழுத்துத் தகடு அறுந்து எங்கேயோ விழுந்துவிட்டது. ஊர் தோவாளை என்று எழுதியிருந்தது. நாகர்கோவிலுக்கு அடுத்த ஊர், நம் ஆட்கள். ஆபரேஷன் முடிந்து தாடையைக் கம்பியால் கட்டி, கண்ணையும் கையையும் காலையும் பொதிந்து படுக்க வைத்தார்கள். மூக்கு நுனியும் உதடும் மட்டும்தான் வெளியே தெரிந்தன. வெடிச்சத்தத்தில் காதும் அடைத்துப்போயிருந்தது. "சுயம்பு, சுயம்பு" என்று கூப்பிட்டால் கண்ணுக்கு மேல் இருந்த கட்டு நனையும். வலி என்று நினைத்து ஊசி போடுவேன்.

ஆபத்தான நிலையில் இருக்கிறவர்களின் வீட்டுக்குத் தகவல் போகும், ஒருவர் வந்து கூட இருக்கலாம். சுயம்புவின் அப்பா தாணுலிங்கம் வந்து சேர்ந்தார். தோவாளையில் பிச்சிப்பூ பயிரிடுகிறவர், ரயில் மாறி ரயில் மாறி, கடைசியில் ராணுவ லாரியில் வந்து இறங்கியவர். யாரோ கொடுத்த பட்டாளக் கோட்டு முழங்கால்வரை தொங்கியது, காலில் ரப்பர் செருப்பு. யார் என்ன பேசுகிறார்கள் என்று புரியாமல் வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் பக்கத்துக் கட்டில் பையனிடம் "தண்ணி வேணுமா தம்பி?" என்று கேட்டதுதான் தாமதம், ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மக்ளே, நீ நம்ம பக்கமா?"

"ஆரியசாலை, ஐயா. அம்மை வழி பூதப்பாண்டி."

"அட! எனக்க பூக்கூடை எல்லாம் ஒங்க ஊரு சாலைக் கடைக்குத்தான் வருது!" என்றவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்ப எனக்க மவன் நம்ம ஆளு கையிலதான் கெடக்கான்."

அவரைப் போல நோயாளிக்கு ஒத்தாசை செய்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை. மூக்குள்ள கோப்பையில் பாலை எடுத்து, கம்பி கட்டின பல் இடுக்கு வழியாகத் துளித்துளியாக விடக் கற்றுக்கொண்டார். சுயம்புவின் சாமான் பையில் இருந்த மஃப்ளரை எடுத்துத் தன் கழுத்தில் சுற்றிக்கொண்டார். பகல் முழுக்க அவனோடு பேசிக்கொண்டே இருப்பார். இந்த வருஷம் பிச்சி நல்ல பூப்பு, கறவை மாடு கன்று போட்டிருக்கு, அம்மை உனக்கு நேர்ச்சை போட்டிருக்கா. காது கேட்கிறதோ இல்லையோ, அவர் குரல் நின்றால் அந்தக் கட்டுப்போட்ட கை படுக்கையில் அங்கும் இங்கும் தேடும். அவர் தன் கையை அதற்குக் கீழே கொண்டுபோய் வைப்பார்.

ஒரு நாள் காலில் கட்டு மாற்றும்போது குதிகாலைத் தாங்கிப் பிடித்திருந்தவர், அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மக்ளே, சின்ன வயசுத் தழும்பு காணாம போவுமா?" என்றார். "சிலது மங்கிப் போகும் ஐயா" என்றேன். எனக்கு வேலை தலைக்கு மேல் கிடந்தது. "அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் காலை மெல்லக் கீழே வைத்தார். அதன் பிறகும் பால் கொடுத்தார், துடைத்துவிட்டார், பேசினார். ஒன்றும் மாறவில்லை.

இனி சுக்கைப் பற்றிச் சொல்கிறேன். அந்த நாயைப் பற்றித் தாணுலிங்கம் ஐயாவுக்கு முன்பே தெரியும், மகன் கடிதத்துக்குக் கடிதம் எழுதுவானாம். மேலே அவர்கள் காவலிருந்த இடத்தில், கோவேறு கழுதைகள் சாமான் ஏற்றிவரும் பாதையில் திரிந்த மலைநாய்க்குட்டி அது. காலியான பால் டின்னுக்குள் மூஞ்சியை விட்டு மாட்டிக்கொண்டு, கண் தெரியாமல் பாறையில் முட்டிக்கொண்டிருந்ததாம். சுயம்புவும் அவன் கூட்டாளி ஒருவனும் பிடித்து டின்னைக் கழற்றினார்கள். கழன்ற வேகத்தில் அது கூட்டாளியின் கையைக் கடித்துவிட்டு, அப்புறம் இருவர் பின்னாலேயும் நடந்தே வந்துவிட்டது. சுக்கு நிறம், அதனால் சுக்கு. குண்டு வரும் சத்தம் மனிதர் காதில் விழுவதற்கு முன்பே அது பதுங்குகுழிக்குள் பாயும். அது பாய்ந்தால் எல்லோரும் பாய்வார்கள். சப்பாத்தியில் முதல் பங்கு அதற்கு. "அந்த மலையில எங்களுக்கு மேலதிகாரி சுக்குதான்" என்று ஹவில்தார் தங்கப்பன் பிறகு என்னிடம் சொன்னார்.

அந்தத் தங்கப்பன்தான் சுக்கைக் கொண்டுவந்தவர். நெய்யாற்றின்கரைக்காரர், அவர்கள் படைக்குத் தலைவர் மாதிரி. அவர்களை மேலேயிருந்து இறக்கி ஓய்வுக்கு அனுப்பியபோது, நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார், கூட நாலைந்து பேர். பேண்டேஜ் துணியைப் பின்னிக் கயிறாக்கிச் சுக்கின் கழுத்தில் கட்டியிருந்தார். எங்கள் மேட்ரன் வாசலிலேயே மறித்துக்கொண்டாள், வார்டுக்குள் நாயா என்று. தங்கப்பன் விறைப்பாக சல்யூட் அடித்துவிட்டுச் சொன்னார், சண்டை நடந்த இரவு இதைக் கயிற்றில் கட்டிப்போட்டுவிட்டுப் போனோம் மேடம், கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு பின்னால் வந்துவிட்டது, விடியும்போது இது நின்று குரைத்த இடத்தில் பனியைத் தோண்டினோம், இந்தப் பையன் கிடந்தான். ஹெலிகாப்டரில் இவனை ஏற்றினபோது அது பறந்துபோன திசையில் இது மூச்சு முட்ட ஓடியது. மேட்ரன் கொஞ்ச நேரம் நாயைப் பார்த்தாள். "கட்டிலை வெளியே வெயிலுக்குக் கொண்டுபோங்கள். உள்ளே மட்டும் வரக்கூடாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

நானும் இரண்டு ஆட்களும் கட்டிலை உருட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போனோம். தாணுலிங்கம் ஐயா பால் கோப்பையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "இதுதானா சுக்கு! வா, வா, ஒன்னையத்தானே எழுதிக்கிட்டே இருப்பான்" என்று கையை நீட்டினார். தங்கப்பன் கயிற்றை விட்டார். நாய் முதலில் ஐயாவிடம்தான் வந்தது. கழுத்தில் கிடந்த மஃப்ளரை மோந்ததும் அதற்குப் பித்துப் பிடித்ததுபோல் ஆகிவிட்டது. அவர்மேல் தாவியது, மடியில் மூக்கைத் தேய்த்தது, அவர் முதுகுக்குப் பின்னால் போய்ப் பார்த்தது, மரத்தைச் சுற்றியது, வந்த பாதையைப் பார்த்து நின்று முனகியது. யாரையோ தேடியது மக்கா. அது தேடின ஆள் கண்முன்னே கட்டிலில் கிடப்பதாக நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். "இங்கடா, இங்க இருக்கான்" என்று சிரித்துக்கொண்டே காட்டினோம்.

அப்புறம்தான் அது கட்டிலுக்கு வந்தது. முன்னங்கால்களை ஓரத்தில் ஊன்றி, கட்டுப்போட்ட காலிலிருந்து மோந்துகொண்டே மேலே வந்தது. வால் ஆடத் தொடங்கியது. படுத்திருந்தவனின் இடது கக்கத்துக்குள் தலையைச் செருகிக்கொண்டு அப்படியே அசையாமல் நின்றது.

தங்கப்பன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "சிஸ்டர்," என்றார். "சுயம்புகிட்ட இது இப்படிச் செய்யாது. அவனைக் கண்டா மல்லாந்து படுத்து வயித்தைக் காட்டும். கக்கத்துல தலையை வைக்கிறது ஒருத்தன்கிட்ட மட்டுந்தான். முதல் நாள் கடிச்சதுக்கு மன்னிப்புக் கேக்குதுன்னு சொல்லிச் சிரிப்போம்." குனிந்து, கட்டுப்போட்ட காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சத்தமாகக் கேட்டார்: "எடா கிளீட்டஸே, நீயாணோடா?"

வெந்த கை மெல்ல எழும்பியது. நாயின் முதுகைத் தேடி அதன்மேல் இறங்கியது.

ஆமாம், நம் கிளீட்டஸ் மாமாதான் அந்தக் கூட்டாளி. கிறிஸ்துமஸுக்கு விழிஞ்ஞத்திலிருந்து மீன் கொண்டுவந்து கொடுப்பாரே, ஒரு கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உன்னோடு கேரம் விளையாடுவாரே, அவர். நமக்கு எப்படிப் பழக்கம் என்று நீ கேட்டதே இல்லை. சண்டைக்குப் போன அன்று கிளீட்டஸுக்குக் காய்ச்சல், உடம்பு நடுங்கியிருக்கிறது. சுயம்பு தன் கோட்டைக் கழற்றி அவனுக்கு மாட்டிவிட்டுத்தான் முன்னால் நடந்திருக்கிறான். கிளீட்டஸைக் காணவில்லை, செத்திருக்கலாம் என்று விழிஞ்ஞத்துக்குத் தகவல் போய்விட்டது. அவர்கள் வீட்டில் பிரார்த்தனைகூட நடந்துவிட்டது.

நான் தாணுலிங்கம் ஐயாவைத் திரும்பிப் பார்க்கப் பயந்தேன். பிறகு மெல்லத் திரும்பினேன். அவர் ஸ்டூலில் அப்படியே இருந்தார். கையில் கோப்பை.

"பாலு ஆறிப் போவுது மக்ளே," என்றார். "புள்ளைக்குக் குடுத்துரட்டுமா?"

கொடுத்தார். நாயைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, எப்போதும் போலத் துளித்துளியாகக் கொடுத்து, வாயைத் துடைத்துவிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மரத்துக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். நான் பின்னாலேயே போனேன். ஆறுதல் சொல்லத்தான் போனேன். அவர் தலையை நிமிர்த்தாமல், "எனக்கு முன்னாலேயே தெரியும்" என்றார். சின்ன வயதில் சுயம்புவின் குதிகாலில் மண்வெட்டி வெட்டிய ஆழமான தழும்பு உண்டாம். அன்றைக்குப் பார்த்த காலில் அது இல்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது மக்கா. "தெரிஞ்சுமா சொல்லல்ல? இந்தப் பையனைப் பெத்தவ ஒருத்தி அங்க அழுதுகிட்டு இருப்பாளே ஐயா!" என்றேன்.

"அதை நினைக்கல்ல மக்ளே. நினைக்காம இருந்துட்டேன்." மஃப்ளர் நுனியால் முகத்தைத் துடைத்தார். "சொன்னா நீங்க என்னைய வண்டியேத்தி விட்டுருவீங்க. வீட்டுல போயி அவளுக்க மொகத்தைப் பாத்து என்ன சொல்ல? நான் வாயைத் தொறக்காத வரைக்கும் எனக்க மவன் உயிரோட இருக்கான்னு ஒரு கணக்கு. பொறவு இந்தப் பயலு. நான் கையை எடுத்தா தேடுதான். யாரு பெத்த புள்ளையோ, நம்மளைத் தேடுதான். எப்படி எழும்பிப் போவேன், நீயே சொல்லு."

நான் அவர் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தேன். வீட்டில் உன்னை விட்டுவிட்டு வந்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை எல்லாம் அன்றைக்குத்தான் வந்தது. யாருக்காக அழுதேன் என்று பிரித்துச் சொல்ல எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஐயா என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அந்த நேரத்தில் யார் யாருக்கு ஆறுதல் சொல்வது என்று பார்.

பல வருஷம் கழித்து, நான் ஓய்வு பெற்று வந்த பிறகு, கிளீட்டஸ் தன் பங்கைச் சொன்னார். கொஞ்சம் நினைவு தெளிந்த நாளிலிருந்தே அவருக்கும் தெரிந்திருக்கிறது. தண்ணீருக்குள் இருந்து கேட்பதுபோல் ஒரு குரல், பிச்சிப்பூ, கறவை மாடு, தோவாளை. சுயம்பு சொல்லிச் சொல்லிக் கேட்டுப் பழகின வீடு. யாருடைய அப்பா என்று புரிந்துவிட்டது. "அந்தக் கோட்டை எனக்குத் தந்துட்டுத்தான் அவன் போனான் சேச்சி. அந்த மனுஷனுக்குக் கையால சைகை காட்டிச் சொல்லியிருக்கலாம். காட்டினா பால் ஊட்டுற கை போயிடும், அவருக்கு மவன் போயிடுவான். நான் சுயம்புவாவே கெடந்தேன்" என்றார். இப்படி இரண்டு பேரும் தெரிந்துகொண்டே ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இந்த நாசூக்கெல்லாம் சுக்குக்கு எங்கே தெரியும்? அதற்குத் தெரிந்தது இரண்டு ஆள், இரண்டு வாசனை. ஒருவன் கிடைத்தான், ஒருவன் கிடைக்கவில்லை. அவ்வளவுதான். அதனால்தான் விழிஞ்ஞத்தில் ஒரு தாய்க்குப் பிள்ளை திரும்பக் கிடைத்தான்.

கிளீட்டஸின் அண்ணன் வந்து சேரும்வரை ஐயா அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. பேர் மட்டும் மாறியது, "மோனே கிளீட்டஸு" என்று கூப்பிடக் கற்றுக்கொண்டார். பேச்சு அதே பேச்சு, பால் அதே பால். சுக்கு மரத்தடியிலேயே படுத்துக் கிடக்கும். பாதையில் பூட்ஸ் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து நின்று பார்க்கும், பார்த்துவிட்டுத் திரும்ப வந்து படுக்கும். ஐயா அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மேலே பனி இளகின பிறகு சுயம்பு கிடைத்தான். கொடி போர்த்திய பெட்டியோடு ஐயா ஊருக்குப் போனார், மலர்ச்சந்தையை அடைத்துவிட்டுத் தோவாளையே தெருவில் நின்றது என்று சொன்னார்கள். கிளீட்டஸைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு விமானத்தில் அனுப்பினார்கள். படையும் வேறு இடத்துக்குப் போக வேண்டியதாயிற்று. சுக்கு எங்களோடு தங்கிவிட்டது, மேட்ரனே பிஸ்கட் போட ஆரம்பித்துவிட்டாள். வாசல் தாண்டி உள்ளே மட்டும் கடைசிவரை விடவில்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்து, அறுவடையும் முடிந்த பிறகு, ஒரு நாள் காலையில் பார்த்தால் அதே பட்டாளக் கோட்டு, அதே ரப்பர் செருப்பு, ஐயா வந்து நிற்கிறார். "அவளுக்க ஆசை மக்ளே. புள்ளையை எடுத்துக்கிட்டு வந்தீங்க, அவன் வளர்த்த உயிரை அங்க விட்டுட்டு வந்துட்டீங்களேன்னு கேக்கா." நாயைக் கூட்டிப்போகத்தான் அவ்வளவு தூரம் திரும்ப வந்திருக்கிறார். ரயிலில் நாயைக் கார்டு வண்டியில் கூண்டுக்குள்தான் ஏற்றுவார்கள். அது கூண்டில் கிடந்து ஊளையிடுமே என்று ஒவ்வொரு பெரிய ஸ்டேஷனிலும் இறங்கி, பிளாட்பாரத்தில் கடைசிவரை ஓடி, மஃப்ளரை மோக்கக் காட்டிவிட்டு, வண்டி அசைந்த பிறகு ஏதாவது பெட்டியில் தொற்றிக்கொண்டு வந்தாராம். ஜான்சி ஸ்டேஷனில் செருப்பு ஒன்று போய்விட்டது. மிச்ச தூரம் ஒற்றைச் செருப்போடு.

பனியில் பிறந்த நாய் தோவாளை வெயிலில் என்ன பாடுபட்டிருக்கும்! அவர் மனைவி கத்தரிக்கோலை எடுத்து அதன் முடியை வெட்டிவிட்டாள், ஆட்டுக்குட்டி மாதிரி ஆகிவிட்டது. பூ நனைத்து வைக்கும் ஈரச் சாக்கின்மேல்தான் படுக்கை. வந்த புதிதில் அந்த அம்மாள் அதோடு பேசவே மாட்டாளாம். அது வாசலில் உட்கார்ந்து பஸ் வரும் திசையைப் பார்க்கும், அவளும் அதே திசையைப் பார்ப்பாள். ஒரு நாள் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "வரமாட்டான் மக்கா" என்று சொல்லி, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். மகனுக்கு அவள் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான் என்று ஐயா சொன்னார்.

கிளீட்டஸ் குணமாகி, ஒரு கண்ணோடு ஊர் திரும்பி, அம்மாவைப் பார்த்த மறு வாரமே தோவாளைக்குப் போனார். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் சுக்கு ஓடிவந்து கக்கத்துக்குள் தலையைக் கொடுத்துவிட்டது. வாசலில் அந்த அம்மாள் நிற்கிறாள். இவரோ அவள் மகனுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு உயிர் பிழைத்தவர். என்ன சொல்வாளோ என்று தெருவிலேயே நின்றுவிட்டாராம். "சாப்பிட்டியா?" என்றாளாம். அதற்கப்புறம் போக்கும் வரத்துமாக ஆகிவிட்டது. அவர் விழிஞ்ஞத்தில் டீக்கடை வைத்தார். ஐயா சாலைக் கடைக்குப் பூக்கூடையோடு வருகிற நாளெல்லாம் வேலை முடிந்ததும் பஸ் ஏறி அங்கே போவார், சில தரம் சுக்கும் கூட வரும். கிளீட்டஸின் கல்யாணத்துக்கு மாலை தோவாளையிலிருந்துதான் வந்தது. சுக்குக்கு வயதாகி, அது கண்ணை மூடியபோது இரண்டு வீட்டாரும் பக்கத்தில் இருந்தார்கள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். ஒரு நாள் கிளீட்டஸின் டீக்கடையில் நானும் ஐயாவும் உட்கார்ந்திருந்தோம். கடை நிறைய மீன்பிடிக்கிற ஆட்கள். கிளீட்டஸ் உள்ளேயிருந்து சத்தம் போட்டுக் கேட்டார், "சுயம்புவுக்க அப்பா, சீனி போடட்டா?" எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு வருஷம் கழித்துமா? அப்பா என்று கூப்பிட்டால் என்ன, வாய் தேய்ந்தா போகும்? அவர் உள்ளே போனதும் ஐயாவிடம் கேட்டேவிட்டேன், உங்களுக்கு வருத்தமாக இல்லையா என்று.

ஐயா டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார். "ஆரம்பத்துல ஒரு நாள் அப்பான்னு கூப்பிட்டான் மக்ளே. நான்தான் வேண்டாம்னேன். இந்தக் கடையில இருக்கவன் ஒருத்தனுக்காவது எனக்க மவனைத் தெரியுமா? இவன் இப்படிக் கூப்பிடுகதுனால எல்லாருக்கும் சுயம்புன்னு ஒருத்தன் இருந்தான்னு தெரியுது. நாளுக்குப் பத்து தரம் எனக்க மவன் பேரு காதுல விழுது. சீனி போடட்டான்னு கேக்குறானே, அந்தக் கேள்வி எனக்கு. அது போதும்லா?"

மக்கா, மாளு உன்னை அச்சன் என்று கூப்பிடுவாளா என்று எனக்குத் தெரியாது. நாளைக்கே கூப்பிடலாம், இல்லை, அவள் கல்யாணத்தன்றுகூட "அச்சனல்ல" என்றே சொல்லலாம். அவளுக்கு ஒரு அச்சன் இருந்தான். மூன்று வயது வரைக்கும் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன். அந்தப் பெயரை அவள் அவனுக்காக எடுத்து வைத்திருக்கிறாள், வைத்திருக்கட்டும். நீ அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடு, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடு, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார். தூக்கத்தில் கை நீட்டித் தேடினால் உன் கையைக் கொண்டுபோய் வை. அவள் உன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார். உன்னை யாருக்கும் பதிலாக அங்கே அனுப்பவில்லை. நீ நீயாகத்தான் போகிறாய். எனக்கு அதில் ஒரு பயமும் இல்லை. உன்னை விட்டுவிட்டு ரயிலேறிப் போனவள் நான், திரும்பி வந்தபோது என்னை அடையாளம் தெரியாமல் பெரியம்மா சேலைக்குள் ஒளிந்துகொண்டாய். எத்தனை நாள் உன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன் தெரியுமா? ஒரு நாள் நீயே வந்து மடியில் ஏறினாய்.

ஒரு காரியம் மட்டும் உன்னிடம் கேட்கிறேன். ஸ்மிதா வீட்டுக் கூடத்தில் மாளுவைப் பெற்ற அந்தப் பையனின் படம் மாட்டியிருக்கிறதல்லவா. போன வாரம் நான் போயிருந்தபோது, கல்யாணம் முடிந்ததும் அதை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிடலாம் என்று அவளுடைய அம்மா மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஸ்மிதா தலையைக் குனிந்துகொண்டாள். மாளு கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். புது வீட்டுக்குச் சாமான் ஏற்றுகிற அன்று, கட்டிலையும் பாத்திரத்தையும் ஆட்கள் ஏற்றட்டும். அந்தப் படத்தை நீயே உன் கையால் ஆணியிலிருந்து கழற்று. லாரியில் போடாதே. காரில் உன் மடியில் வைத்துக்கொண்டு போ, மாளு பக்கத்தில் இருக்கட்டும். எங்கே மாட்டலாம் என்று அவளிடம் கேள். அவள் கை காட்டுகிற இடத்தில் ஆணியை அடி.

அன்புடன்,
அம்மா